நம்பர் ஆகாத பிராது

"தம்பி, அந்தம்மா சொன்னது எல்லாத்தையும் எழுதியிருக்கே. கோர்ட் என்ன செய்யணும்னு எங்கே எழுதியிருக்கே?"

நான் தொழிலுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத நேரம். வயலுக்குப் போகும் பாதையைக் கொழுந்தன் வேலி போட்டு அடைத்துவிட்டார் என்று ஒரு விதவைப் பெண் வந்திருந்தார். மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும் நேரம் வரை அழுதுகொண்டே சொன்னார். கல்யாணத்தில் பந்தியில் உட்காரவைத்து எழுப்பியது, மாமியார் செத்ததைச் சொல்லி அனுப்பாதது, கிணற்று மோட்டாரின் வயரை அறுத்தது என்று ஒன்று விடாமல் பதினோரு பக்கம் எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். சீனியர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். அடித்து முடித்தபோது மூன்று பாரா மிஞ்சியது. பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை வருஷப் புழக்கம், எந்தத் தேதியில் யார் வேலி போட்டார்கள். அவ்வளவுதான்.

"வருத்தம் வேற, வழக்கு வேற. ஆனா வருத்தம் இல்லாம எழுதினா அது வழக்காவும் நிக்காது" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. அதை எனக்குப் புரியவைத்தது எங்கள் கோர்ட்டில் இருந்த எந்தக் கட்டும் அல்ல. 1776 ஜூலை 4 அன்று பிலடெல்ஃபியாவில் நிறைவேறிய அமெரிக்க விடுதலைப் பிரகடனம்.

சட்டக் கல்லூரியில் அதை வரலாறாகப் படித்திருந்தேன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்கிற அந்த இரண்டாவது பத்திதான் எல்லாருக்கும் தெரியும். பின்னாளில் அரசாங்கத்தின் மீது ஒரு தாவா போட வேண்டியிருந்தது. அதற்கு முன் சிவில் நடைமுறைச் சட்டமான சி.பி.சி.யின் 80-ஆவது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் தயாரித்துக்கொண்டிருந்தேன். குறைகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று தடுமாறியபோது ஏதோ நினைவில் அந்தப் பிரகடனத்தை எடுத்து, நடுப்பகுதியை வாய்விட்டுப் படித்தேன். யாரும் மேற்கோள் காட்டாத பகுதி அது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மீது எண்ணிப் பார்த்தால் 27 குற்றச்சாட்டுகள். பெரும்பாலானவை அவர் இதைச் செய்தார், அவர் இதைச் செய்ய மறுத்தார் என்றே தொடங்குகின்றன. படித்து முடித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது பிராது. வாதி யார், பிரதிவாதி யார், வியாஜ்ய மூலம் என்ன, முன்னறிவிப்பு கொடுத்தார்களா, பரிகாரம் என்ன என்று எல்லாம் இருக்கிறது. எந்தக் கோர்ட்டிலும் நம்பர் ஆகாத, ஆக முடியாத பிராது. இரண்டு தரப்புக்கும் மேலே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல ஒரு நீதிபதி இல்லாததால் உலகத்தையே நீதிபதியாக வைத்து எழுதியிருக்கிறார்கள்.

எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன், வயது 33, வர்ஜீனியாவில் வக்கீலாக இருந்தவர். கையெழுத்திட்ட 56 பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சட்டம் படித்தவர்கள். அவர்கள் எழுதுகிற எழுத்துக்கு அந்த வடிவம் வந்தது தற்செயல் இல்லை.

பிராது எழுதுகிற எவரும் முதலில் தேடுவது முன்மாதிரியைத்தான். பழைய கட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டுதான் புதியதை எழுதுவோம். அவர்கள் எடுத்து வைத்துக்கொண்டது 1689-ஆம் வருஷத்து இங்கிலாந்தின் உரிமைச் சட்டம். இரண்டாம் ஜேம்ஸ் 1688 டிசம்பரில் நாட்டை விட்டு ஓடிய பிறகு, அவர் செய்த தவறுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார்கள். சட்டங்களைத் தன் விருப்பத்துக்கு நிறுத்திவைத்தார், நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் பணம் வசூலித்தார், அமைதிக் காலத்தில் படை வைத்துக்கொண்டார், மக்கள் வீடுகளில் சிப்பாய்களைத் தங்கவைத்தார். இந்தப் பட்டியலுக்குப் பிறகுதான், இவை சட்டவிரோதம் என்ற அறிவிப்பு வருகிறது. 87 வருஷம் கழித்து அதே குறைகளை அதே அச்சில், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுதினார்கள். ஒரு சொல்லைக் கவனியுங்கள். 1689-இல் ஜேம்ஸ் அரசைத் துறந்துவிட்டார் என்று எழுதினார்கள். 1776-இல் ஜார்ஜ் இங்கே அரசைத் துறந்துவிட்டார் என்று அதே சொல்லைப் போட்டார்கள். லண்டனில் அதைப் படிக்கிற எந்தச் சட்டம் தெரிந்தவருக்கும் அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். உங்கள் தாத்தா எந்தச் சட்டத்தால் ஒரு ராஜாவை அனுப்பினாரோ அதே சட்டத்தால் நாங்களும் போகிறோம் என்பதுதான் அதன் பொருள்.

அதற்கு முன்னும் கட்டுகள் உண்டு. சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல் எந்தச் சுதந்திர மனிதனையும் பிடிக்கக் கூடாது என்ற 1215-ஆம் வருஷத்து மாக்னா கார்ட்டா. எட்வர்ட் கோக் முன்னின்று கொண்டுவந்த 1628-ஆம் வருஷத்து உரிமை விண்ணப்பம். வர்ஜீனியாவுக்கு 1606-இல் கொடுத்த பட்டயத்திலேயே, அங்கே குடியேறுகிறவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கு உள்ள உரிமை அத்தனையும் உண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் அதுதான் மூலப் பத்திரம். அமெரிக்கர்கள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை, பத்திரத்தில் இருப்பதைத்தான் கேட்டார்கள். ரொம்ப நாள் வரை அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி 1761 பிப்ரவரியில், பாஸ்டன் நகர மன்றக் கட்டடத்தில் நடந்தது. சுங்க அதிகாரிகளுக்கு உதவி ஆணை என்று ஒன்று கொடுத்துவந்தார்கள். அதை வைத்திருப்பவர் கடத்தல் சரக்கு தேடுவதாகச் சொல்லிப் பகல் நேரத்தில் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். எந்த வீடு, யார் சொன்ன தகவல், என்ன சரக்கு என்று எதுவும் அதில் எழுத வேண்டியதில்லை. இரண்டாம் ஜார்ஜ் இறந்ததால் பழைய ஆணைகள் காலாவதியாக இருந்தன. புதிதாகக் கொடுக்கக் கூடாது என்று பாஸ்டன் வணிகர்கள் எதிர்த்தார்கள். அவர்களுக்காக ஜேம்ஸ் ஓட்டிஸ் நின்றார். அரசுத் தரப்பில் கடற்படை நீதிமன்ற வழக்கறிஞர் பதவியில் இருந்தவர், இந்த வழக்குக்காக அதை விட்டுவிட்டு வந்திருந்தார். எதிரே அரசுக்காக வாதாடியவர் ஜெரமையா கிரிட்லி. ஓட்டிஸுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர்.

சீனியர் எதிரே நின்று வாதாடுவது என்ன என்று எனக்குத் தெரியும். அவர் அடுத்து எந்தப் புத்தகத்தைத் திறப்பார் என்று நமக்குத் தெரியும், நாம் எங்கே தடுமாறுவோம் என்று அவருக்குத் தெரியும். ஓட்டிஸ் மணிக்கணக்கில் பேசினார். ஒருவன் வீடு அவனுக்குக் கோட்டை என்பதில் தொடங்கி, அடிப்படைச் சட்டத்துக்கு முரணான நாடாளுமன்றச் சட்டம் செல்லாது என்பது வரை போனார். அதற்கு அவர் கோக்கின் 1610-ஆம் வருஷத்து போனம் வழக்கைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். அந்த அறையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த 25 வயது இளம் வக்கீல் ஜான் ஆடம்ஸ். விடுதலை என்ற குழந்தை அன்று அங்கேதான் பிறந்தது என்று தள்ளாத வயதில் எழுதிவைத்தார்.

ஓட்டிஸ் தோற்றார். ஆணைகள் வழங்கப்பட்டன. நான்கு வருஷம் கழித்து, 1765-இல், லண்டனில் எண்டிக் வழக்கு வந்தது. அமைச்சரின் ஆணையோடு வந்து ஓர் எழுத்தாளர் வீட்டைக் குடைந்து காகிதங்களை அள்ளிப்போனவர்களைப் பற்றி, அப்படி ஓர் அதிகாரம் சட்டப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை என்று கேம்டன் பிரபு தீர்ப்புச் சொன்னார். லண்டன் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு. பாஸ்டன் வீட்டுக்கோ 1767-இல் டவுன்ஷெண்ட் சட்டம் கொண்டுவந்து உதவி ஆணையை மறுபடி உறுதிசெய்தார்கள். என் கட்சிக்காரர்கள் யாரும் வறுமையைச் சொல்லி அழுது நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. அண்ணன் பங்குக்கு ஒரு அளவு, என் பங்குக்கு ஒரு அளவா என்று கேட்கும்போதுதான் குரல் உடையும். அமெரிக்கக் குடியேற்றங்களில் உடைந்ததும் அந்தக் குரல்தான்.

முத்திரைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் தினமும் முத்திரைத்தாளோடும் கோர்ட் கட்டண வில்லையோடும் புழங்குகிறவன். வில்லை ஒட்டாத காகிதம் எங்கள் கோர்ட்டில் மேசையைத் தாண்டாது. 1765 மார்ச்சில் நிறைவேறிய அந்தச் சட்டம் பிராது, பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு, பகடை எல்லாவற்றுக்கும் முத்திரை கேட்டது. ஒருவர் வக்கீலாகப் பதிவுசெய்யும் தாளுக்கு மட்டும் 10 பவுண்டு. முத்திரை வரி இங்கிலாந்தில் 1694 முதலே இருந்ததுதான், ஆகவே வரி புதிதில்லை. அதை விதித்த சபையில் அமெரிக்கர்களுக்கு ஒரு ஆள்கூட இல்லை என்பதுதான் புதிது. மீறினால் ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்தில் விசாரணை என்பது இன்னொன்று. சம்மதம் இல்லாத வரி, ஜூரி இல்லாத விசாரணை என்று ஒரே காகிதத்தில் இரண்டு பழைய உரிமைகளைத் தொட்டார்கள். நவம்பர் 1-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது முத்திரைத்தாள் விற்க வேண்டியவர்கள் பதவியை விட்டு ஓடியிருந்தார்கள். தாள் இல்லாமல் பல இடங்களில் கோர்ட் மூடிக்கிடந்தது. அடுத்த மார்ச்சில் சட்டத்தை ரத்துசெய்தார்கள். ஆனால் அதே நாளில், எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு, நீ எனக்கு என்றும் கடன்காரன்தான் என்று எழுதி வாங்கிக்கொள்வது போல.

நம் அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது, வசூலிக்கக் கூடாது என்கிறது. ஒற்றை வரிதான். அதை ரிட் மனுவில் எழுதும்போதெல்லாம் 1628-ம் 1689-ம் 1765-ம் என் பேனாவின் பின்னால் நிற்பதாக எனக்குத் தோன்றும்.

லண்டன் தரப்பிலும் சட்டம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. 1688-க்குப் பிறகு இங்கிலாந்தில் நாடாளுமன்றமே உச்சம். ஆங்கிலச் சட்ட நூலாசிரியர் பிளாக்ஸ்டன் தம் உரைகளில் அதைத்தான் எழுதினார், அந்தப் புத்தகம் அமெரிக்காவிலும் ஏராளமாக விற்றது. ராஜாவையும் நாடாளுமன்றத்தையும் கட்டுப்படுத்தும் பழைய சட்டம் ஒன்று உண்டு என்ற கோக்கின் காலத்து நம்பிக்கையை இங்கிலாந்து தாண்டி வந்துவிட்டது. குடியேறப் போனவர்கள் அதைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போய் அப்படியே காப்பாற்றிவந்தார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் வீட்டில்தான் ஊரின் பழைய வழக்கம் நிலைத்திருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? மோதியது ஒரே சட்டத்தின் இரண்டு வயதுகள்.

இனி வரைவுக் கலைக்கு வருகிறேன். பிரதிவாதியாக யாரைச் சேர்ப்பது?

முத்திரை வரி போட்டது நாடாளுமன்றம். 1774-இல் பாஸ்டன் துறைமுகத்தை மூடியதும் மாசசூசெட்ஸ் பட்டயத்தைச் சிதைத்ததும் நாடாளுமன்றம். ஆனால் பிரகடனத்தில் அந்தச் சொல்லே இல்லை. மன்னர் வேறு சிலரோடு சேர்ந்து, எங்கள் அமைப்புக்கு அந்நியமான ஓர் அதிகாரத்துக்கு எங்களை உட்படுத்தினார் என்று வருகிறது. ஏன்? நாடாளுமன்றத்துக்கு எங்கள் மீது அதிகாரமே கிடையாது, மன்னர் ஒருவருக்குத்தான் நாங்கள் கட்டுப்பட்டவர்கள் என்பது அதற்குள் அவர்கள் எடுத்துவிட்ட நிலை. கட்டுப்பாட்டை விலக்கிக்கொள்கிறோம் என்று நாடாளுமன்றத்திடம் சொன்னால், முன்பு கட்டுப்பட்டிருந்தோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காரணம் உண்டு. ஒரு முறை பதில் நோட்டீஸ் ஒன்றில் எதிர்த்தரப்பை ஒரே ஒரு இடத்தில் 'நில உரிமையாளர்' என்று எழுதிவிட்டேன். வாக்கிய ஓட்டத்தில் விழுந்த சொல். மூன்று வருஷம் கழித்து என் கட்சிக்காரர் கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் அந்த நோட்டீஸைக் கையில் கொடுத்து, அந்தச் சொல்லை அவர் வாயாலேயே படிக்கவைத்தார். படித்துவிட்டு என் கட்சிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் போகவில்லை. பிலடெல்ஃபியாவில் அந்தச் சொல்லை எழுதாமல் விட்டவர்களின் கவனம் எனக்கு அதனால்தான் தெரிகிறது.

80-ஆவது பிரிவு நோட்டீஸ் மாதிரி ஒன்றும் அங்கே உண்டு. 1775 ஜூலையில், சண்டை ஏற்கெனவே தொடங்கிவிட்ட பிறகும், ஜான் டிக்கின்சன் பணிவான கடைசி விண்ணப்பம் ஒன்றை எழுதினார். லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் படித்தவர், சமரசத்தில் நம்பிக்கை உள்ளவர். மன்னர் அதைப் பெற்றுக்கொள்ளவே இல்லை. ஆகஸ்ட் 23 அன்று அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். நோட்டீஸ் திரும்பி வந்த உறையைக் கிழிக்காமல் கட்டில் சேர்த்து வைப்போம் இல்லையா, பிரகடனத்தில் அந்த உறைக்கு ஒரு பாராவே இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பணிவோடு விண்ணப்பித்தோம், பதிலாக வந்தது மேலும் கொடுமைதான் என்கிறது. மன்னருக்கு விண்ணப்பிக்கும் உரிமையும் 1689 உரிமைச் சட்டத்தில் உள்ளது. டிக்கின்சன் கடைசிவரை பிரகடனத்தில் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் படையில் சேரப் போனார். அவர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. அவர் எழுதிய நோட்டீஸ் இல்லாமல் அந்தப் பிராது நின்றிருக்காது.

ஜெஃபர்சனின் வரைவுத் தாள் இன்னும் இருக்கிறது. அதில் ஓரிடத்தில் மை கலைந்து கிடக்கும். 2010-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தினர் விசேஷ ஒளியில் படமெடுத்துப் பார்த்தபோது, 'குடிமக்கள்' என்ற சொல்லின் அடியில் 'பிரஜைகள்' என்று எழுதி, மை காயும் முன் கையால் தேய்த்து அழித்திருப்பது தெரிந்தது. மற்ற இடங்களில் கோடு போட்டு அடித்தவர் இதைத் தேய்த்திருக்கிறார். பழக்கத்தில் வந்த சொல். கண்ணில் பட்டதும் கை தானாகப் போயிருக்கிறது.

அந்தப் பிராதில் பழுதும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் அதை நேசிக்கிறேன் என்பதற்கு அர்த்தமில்லை. கடைசிக் குற்றச்சாட்டு பூர்வகுடிகளைக் காட்டுமிராண்டிகள் என்கிறது. அவர்கள் நிலத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதிய வரி அது. அதே குற்றச்சாட்டில் உள்நாட்டுக் கலகத்தைத் தூண்டினார் என்றும் வருகிறது. வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில், கலகக்காரர்களிடம் அடிமையாக இருப்பவர்கள் மன்னர் படைக்கு வந்தால் விடுதலை என்று அறிவித்ததுதான் இதன் பின்னணி. ஒருவருக்கு விடுதலை கொடுத்தது இன்னொருவரின் விடுதலைப் பத்திரத்தில் குற்றமாக ஏறியிருக்கிறது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஜெஃபர்சன் எழுதிய நீண்ட பாராவைத் தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் எதிர்த்ததால் நீக்கிவிட்டார்கள். அந்தப் பாராவும் நேர்மையானதல்ல. பழி முழுவதையும் மன்னர் தலையில் போட்டது, எழுதியவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். சுத்தமான கரங்களோடு வா என்று கோர்ட் சொல்லுமே, அந்த இடம் இதுதான்.

அந்தப் பழுதைக் கோர்ட்டிலேயே கேள்வி கேட்ட ஒரு வழக்கும் உண்டு. மாசசூசெட்ஸின் மேற்குக் கோடியில் ஷெஃபீல்டு என்ற ஊர். அங்கே 1773 ஜனவரியில் ஜான் ஆஷ்லி வீட்டில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, இயற்கை நிலையில் மனிதர்கள் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்று ஒரு தீர்மானம் தயாரித்தார்கள். வரைவு வேலையில் இருந்தவர் தியடோர் செட்விக் என்ற இளம் வக்கீல். அடுத்த வருஷம் பக்கத்து ஊரான கிரேட் பேரிங்டனில், பட்டயத்தைச் சிதைத்த புதிய சட்டப்படி கோர்ட் நடக்கக் கூடாது என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாசலை அடைத்து நீதிபதிகளைத் திருப்பி அனுப்பினார்கள். ஆஷ்லி வீட்டில் பெட் என்ற அடிமைப் பெண் இருந்தார். 1780-இல் மாசசூசெட்ஸ் அரசியலமைப்பு எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்றது. பெட் செட்விக்கிடம் போய், அந்தச் சட்டம் எனக்கும்தானே என்று கேட்டார்.

செட்விக் எடுத்த வழியைத்தான் நான் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அநியாயமாகப் பிடித்துவைத்த பொருளைத் திருப்பிக் கொடு என்று போடும் ஒரு பழைய ஆங்கில ரிட்டை, பெட்டுக்கும் அதே வீட்டில் அடிமையாக இருந்த பிராம் என்பவருக்கும் சேர்த்துத் தாக்கல் செய்தார். ஷெரீஃப் போய்க் கேட்டபோது ஆஷ்லி விடவில்லை, இவர்கள் வாழ்நாளுக்கும் என் அடிமைகள் என்றார். அந்தப் பதிலை அவர் வாயிலிருந்து வாங்கத்தான் அந்த ரிட். இனி ஜூரி முடிவுசெய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், இவர்கள் யாருக்காவது சொத்தா என்பது. 1781 ஆகஸ்டில், ஏழு வருஷம் முன்பு கூட்டம் அடைத்த அதே கிரேட் பேரிங்டனில் விசாரணை நடந்தது. பிராமும் பெட்டும் ஆஷ்லியின் அடிமைகள் அல்ல என்று ஜூரி சொன்னது. நஷ்ட ஈடு 30 ஷில்லிங், செலவுத் தொகை தனி. ஆஷ்லி முதலில் அப்பீல் போட்டார், பிறகு விட்டுவிட்டார். பெட் எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டு, சம்பளத்துக்கு வேலை பார்க்கச் செட்விக் வீட்டுக்குப் போனார்.